ஒன்றேகால் வெண்ணெய் எடையில் ஒரு மழைக்கோட்டு

காலை ஏழு மணிக்குக் கிளெனிஸ் பாஸ்கோ தன் வீட்டுப் புல்தரையின் நடுவே, பழைய மழைக்கோட்டின் தலைமூடியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்தபடி நிற்கிறாள். துணி காயப்போடும் கம்பத்தின் உச்சியில் கட்டிய தோட்டக் குழாய் அவள் தலைமேல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டு டெஸ் தேநீர்க் கோப்பையோடு வேலியருகே வந்து நின்று வேடிக்கை பார்க்கிறார்.

"மூணு நாளா வானம் கொட்டித் தீர்த்துச்சே, அது பத்தலையா உனக்கு?"

"நான் சொன்னா வானம் நிக்காது டெஸ், குழாய் நிக்கும். இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. சும்மா நிக்காம மணியப் பாத்துச் சொல்லு."

டெஸ் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இந்த மார்ச் முழுக்க அவருக்கு இந்த வேலை உண்டு.

இருபது நிமிடம் முடிந்ததும் கிளெனிஸ் சமையலறைக்குள் போய்க் கோட்டைக் கழற்றுகிறாள். உள்ளே, தோள்களிலும் முழங்கைகளிலும் இடுப்பிலும் செய்தித்தாள் செருகியிருக்கிறது. ஒவ்வொரு தாளையும் உருவி மேசையில் பரப்பித் தடவிப் பார்க்கிறாள். எந்த இடத்தில் எந்தப் பக்கத்தை வைத்தோம் என்பது அவளுக்கு மறக்காது. "மரண அறிவிப்பு காஞ்சிருக்கு. தோள் சரி. மாட்டுச் சந்தை நனைஞ்சிருக்கு. அப்ப உக்கார்ற எடத்துல ஒழுகுது." ஒழுகும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுகிறாள்.

நியூசிலாந்தின் மேற்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் இந்தச் சிற்றூரின் முதியோர் இல்லத்தில் அவள் சமையற்காரி. வயது ஐம்பத்தெட்டு. நாற்பது பேருக்குத் தினமும் சமைக்கும் கை எதையும் வெண்ணெய்க் கட்டியால்தான் எடை போடும். இங்கே ஒரு வெண்ணெய்க் கட்டி அரைக் கிலோ. ஒரு கையில் வெண்ணெயும் மறு கையில் துணியுமாக நின்று கண்ணை மூடிக்கொள்வாள். "இது ரெண்டு வெண்ணெய்க்கு ஒரு கரண்டி கம்மி" என்பாள். தராசில் வைத்தால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். கஞ்சி கிளறும்போது, கடையில் வரிசையில் நிற்கும்போது, தேவாலயத்தில் பாட்டுக்கு நடுவில்கூட. இந்தப் பழக்கம் போன ஏப்ரலில் வந்தது.

ஏப்ரல்தான் ஆண்மான்கள் உறுமும் காலம். அப்போது ஊரில் பாதிப் பேர் மலைக்கு வேட்டைக்குப் போய்விடுவார்கள். கிளெனிஸும் அவள் நாத்தனார் மரீயும் பதினான்கு வருடமாகச் சேர்ந்து போகிறார்கள். ஆறு நாள், இரண்டு துப்பாக்கி, மரங்கள் வளர்வது நின்றுபோகும் இடத்துக்கு மேலே தகரக் கூரை போட்ட ஒரு குடில். வருடத்துக்கான இறைச்சி அங்கிருந்துதான் வரும். அந்த ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது: எந்த மழையிலும் மலைக்கு அரை டிரவுசரோடுதான் போவார்கள். மேலே மழைக்கோட்டு, கீழே வெறும் முழங்கால். மழைக் கால்சட்டை போட்டவரைத் தெருவில் கண்டால், எந்தப் பேருந்தில் வந்து இறங்கினீர்கள் என்று கேட்பார்கள். "தோலு தண்ணி குடிக்காது" என்பது மரீயின் வாக்கு.

போன வருடம் நான்கு மணி நேரம் சாய்மழை அடித்தது. கோட்டின் விளிம்பிலிருந்து வழிந்த தண்ணீரெல்லாம் தொடை வழியாக இறங்கிப் பூட்ஸுக்குள் நிறைந்தது. குடிலை அடைந்தபோது கிளெனிஸுக்கு நடுக்கம்கூட நின்றுபோயிருந்தது. கதவுத் தாழ்ப்பாளை விரல்கள் பிடிக்கவில்லை. கட்டைவிரல் சுண்டுவிரலை எட்டவில்லை. "என் பேரு என்னன்னு சொல்லுடி" என்று மரீ உலுக்கியதற்கு அவள் சிரித்தாளாம், பதில் வரவில்லையாம். மரீ கத்தியை எடுத்துப் பூட்ஸ் கயிற்றை வெட்டி, அவளைத் தூங்கும் பைக்குள் திணித்துத் தானும் கூடவே புகுந்துகொண்டாள்.

ஊருக்குத் திரும்பும் வழியில் மரீ காரை ஓட்டியபடி சொன்னாள்: "இன்னொரு தடவ உன் கயித்த என்னால வெட்ட முடியாது கிளெனிஸ். அண்ணன் முகத்துல நான் எப்படி முழிக்கிறது? அடுத்த வருஷம் நீ நனையாம இருந்தா வா. நனைஞ்சே, அதோட முடிஞ்சுது. அப்புறம் நீ ஆத்தோரத்தோட சுட்டுக்க. உச்சிக்கு நான் மட்டும் போறேன்."

ஆற்றோரத்தில் கொசுவைவிடப் பொல்லாத மணல் ஈ கடிக்கும், மலையேற வருகிறவர்கள் சலசலத்துக்கொண்டு போவார்கள், மான் வராது. உச்சியிலோ மூன்று பள்ளத்தாக்கின் உறுமலும் ஒன்றாகக் கேட்கும். பதினொரு மாதம் அடுத்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு அந்த ஆறு நாள்தான் சொந்தம். அதை இழந்துவிடுவோமோ என்ற பயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வெட்டிய கயிற்றை முடிச்சுப் போட்டு அதே பூட்ஸில் கோத்துக்கொண்டாள்.

நல்ல மழைத்துணி இல்லாமல் இல்லை. ஊர்க் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிறது. மேலும் கீழும் சேர்த்து வாங்கினால் அவளுடைய இரண்டு வாரச் சம்பளம் போய்விடும். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பால்பண்ணைப் பொருட்கள் விற்கும் கடைக்குப் போனாள். அங்கே வாங்கிய ரப்பர் உடுப்பில் ஒரு தாள்கூட நனையவில்லை. ஆனால் எடை நான்கு வெண்ணெய். அந்தியில் டெஸ்ஸின் கோழிகள் கூட்டில் அடையும்போது அதைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நடந்து பார்த்தாள். சரக் சரக்கென்ற சத்தத்தில் சேவலே இறங்கி ஓடியது.

"எம் பொட்டைங்க ரெண்டு நாளா முட்டை விடல" என்றார் டெஸ்.

"கோழிக்கே கேக்குதுன்னா மானு சும்மா நிக்குமா?" என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அடுத்தது காகிதம்போல மெல்லியது. அரை வெண்ணெய்கூட இல்லை, விலையும் மலிவு, கோழிகள் தலை தூக்கவில்லை. முள்செடி வேலியில் ஒருமுறை இழுத்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வாயைப் பிளந்தது. மலையில் மரங்கள் முடியும் இடத்தில் இதைவிட மோசமான புதர் ஆளுயரத்துக்கு நிற்கிறது.

மூன்றாவதைத் தேவாலயத்துப் பழைய துணிக்கடையில்தான் கண்டாள். யாரோ இறந்துபோனவரின் கோல்ஃப் மழை உடுப்பு: கோட்டும் நீளக் கால்சட்டையும், இரண்டும் அடர் செம்மண் நிறம். அளவு அவளுக்கு ஒரு சுற்றுப் பெரியது. கம்பளிச் சட்டைக்கு மேல் போட அதுவே வசதி. சட்டை இறுகினால் சூடு நிற்காது. கடைக்கார அம்மாள் மடித்துக் கொடுப்பதற்குள் கிளெனிஸ் கையைக் காதோரம் கொண்டுபோய்த் துணியைத் துணியோடு தேய்த்துப் பார்த்தாள். சத்தமே இல்லை.

"பந்தடிக்கும்போது துணி சலசலத்தாப் பக்கத்துல நிக்கிறவன் கோவிச்சுக்குவானாம்" என்றாள் அந்த அம்மாள். "என் வீட்டுக்காரர் சொல்வாரு. சத்தமில்லாத துணியாப் பாத்துத்தான் தைப்பாங்களாம். பன்னண்டு டாலர் குடு போதும். நீ எப்பலேர்ந்து கோல்ஃப் ஆடற?"

"ஆடப் போறேன்" என்றாள் கிளெனிஸ்.

எடை ஒன்றேகால் வெண்ணெய். கோழிகள் கண்ணைத் திறக்கவில்லை. வேலியில் நாலு தடவை இழுத்தும் இரண்டு நூல்தான் பிரிந்தது. குழாயடியில் மட்டும் ஒரு சிக்கல்: மார்பில் வைத்த வானிலைப் பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது. அரை மணி நேரம் கோட்டைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. மார்பில் ஒரு பந்தும் குறுக்கே இரண்டு மட்டையுமாகப் பூவேலை செய்திருந்தார்கள். அந்தத் தையல் ஊசி போட்ட நூறு துளை வழியாகத்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கூடாரத் தையலுக்குப் பூசும் பசையை உள்பக்கமாக இரண்டு முறை தடவிக் காயவைத்தாள். மறுநாள் வானிலைப் பக்கம் காய்ந்தே வந்தது.

மலையடிவாரத்தில் அதைப் போட்டுக்கொண்டு நின்றவளைப் பார்த்த மரீக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மரீ அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் கோட்டைத்தான் வாங்கியிருந்தாள். கீழே வழக்கம்போல அரை டிரவுசர்.

"எத்தனாவது குழிக்குப் போறோம், மேடம்? மட்டை தூக்க ஆள் வேணுமா?"

"சிரிச்சு முடிச்சிட்டியா? நடடி."

"முழங்காலையும் மூடிட்டா! ஏய், யாராவது பாத்தா நான் உன் சொந்தக்காரின்னு சொல்லிடாத."

கிளெனிஸ் நடக்கத் தொடங்கினாள். கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் உச்சிப் புல்வெளியில் ஒரு பெண்மான் அகப்பட்டது. மரீயைக் கல்லுக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டுக் கிளெனிஸ் தனியாக ஊர்ந்துபோய்ச் சுட்டாள். அவள் கடைசி முப்பது அடி நகர்ந்தபோதும் மான் காதைத் திருப்பவில்லை. இறைச்சியை அறுத்துப் பைகளில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மேற்கே வானம் கறுத்தது. மழை வந்தது. போன வருடத்துச் சாய்மழை அப்படியே. குடிலுக்கு நான்கு மணி நேர இறக்கம்.

முதல் மணி நேரம் கிளெனிஸ் தன் உடம்பின் ஒவ்வொரு இடமாகக் கேட்டுக்கொண்டே நடந்தாள். தோள்? சரி. இடுப்பு? சரி. தொடை? சூடாக இருக்கிறது. நம்பாமல் மறுபடி தோளிலிருந்து தொடங்கினாள். கால்சட்டை பூட்ஸின் மேல் விழுந்து தண்ணீரை வெளியே தள்ளியது. இரண்டாம் மணி நேரத்தில் கேட்பதை நிறுத்திவிட்டாள். மூன்றாம் மணி நேரத்தில், முன்னால் நடந்த மரீயின் பேச்சு நின்றிருப்பதைக் கவனித்தாள். மரீயின் முழங்கால்கள் நீலம் பாய்ந்து கிடந்தன.

"மரீ, சுண்டுவிரலைத் தொடு பாப்போம்."

"போடி, உன் சோதனைய எங்கிட்ட..." மரீ தொட்டுப் பார்த்தாள். கட்டைவிரல் பாதி வழியில் நின்றுவிட்டது. இருவரும் அதைப் பார்த்தார்கள். கிளெனிஸ் அவள் பையிலிருந்த இறைச்சியில் பாதியைத் தன் பைக்கு மாற்றிக்கொண்டாள். இரண்டு ரொட்டித் துண்டை அவள் வாயில் திணித்து, முன்னால் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

குடில் ஈரவாடை அடித்தது. விறகு இருந்தது, பற்றவைக்கக் காய்ந்த தாள் ஒன்றுகூட இல்லை. மரீ எலி கடித்த வருகைப் பதிவேட்டைக் கிழிக்கப் போனாள்.

"அத விடு" என்ற கிளெனிஸ் கோட்டின் ஜிப்பை ஒரே இழுப்பில் திறந்தாள். தோளிலிருந்து மரண அறிவிப்பு வந்தது. இடுப்பிலிருந்து மாட்டுச் சந்தை, மார்பிலிருந்து வானிலை. இடது முழங்காலில் வைத்த விளையாட்டுப் பக்கம் மட்டும் ஓரத்தில் கொஞ்சம் ஈரம். மற்றதெல்லாம் காலையில் அச்சடித்ததுபோலச் சரசரத்தன.

மரீ வாயைப் பிளந்து பார்த்தாள். "அடிப்பாவி, இதையும் சுமந்துக்கிட்டா வந்தே?"

"கால் கரண்டி வெண்ணெய்தான்."

முதல் தீக்குச்சியிலேயே அடுப்புப் பிடித்தது. கிளெனிஸுக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. நிற்க முடியாமல் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பல் தந்தியடிக்க மரீயும் சேர்ந்துகொண்டாள். "ஒத்துக்கிறேன்டி. அடுத்த வருஷமும் உச்சிதான். அந்தச் செத்துப்போன மனுஷனோட ஊர்ல என் அளவுல எவனாவது கோல்ஃப் ஆடினானான்னு விசாரி."

சொல்லிக்கொண்டே மரீ பழைய ஞாபகத்தில் இடுப்புக் கத்தியை உருவிக் கிளெனிஸின் காலருகே குனிந்தாள். கிளெனிஸ் காலை இழுத்துக்கொண்டாள். குனிந்து, போன வருடம் வெட்டுப்பட்டு முடிச்சுப் போட்ட கயிற்றை நகத்தால் நெம்பி, ஒவ்வொரு கண்ணியாக அவிழ்த்துப் பூட்ஸைக் கழற்றி அடுப்போரம் வைத்தாள். பிறகு மரீயைப் பலகையில் உட்காரவைத்து, அவள் வலது காலைத் தூக்கித் தன் காய்ந்த மடியில் வைத்துக்கொண்டு, பூட்ஸ் கயிற்றின் முடிச்சைத் தேடத் தொடங்கினாள்.