ரேடியேட்டருக்குப் போட்ட கட்டு

என்னைவிடப் பெரிய முட்டாள் ஒருவன் கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் இருந்தால் அவனைப் பார்த்து ஆறுதலடைய எனக்கு ஆசைதான். இதுவரை கிடைக்கவில்லை. சித்தப்பாவை இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துப்போக வேண்டிய காலையில், வழுவழுப்பான தார்ச் சாலையை விட்டுவிட்டுச் செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் வண்டியை இறக்கியவன் நான். காரணம், அப்போதுதான் வாங்கியிருந்த பழைய ஃபோர்வீல் வண்டி. சேற்று டயர், கூரைவரை நீண்ட மூச்சுக்குழாய், முன்னால் இழுவைக் கம்பி எல்லாம் அதில் இருந்தன. அதுவரை அது ஏறிய பெரிய மேடு பேரங்காடியின் கார் நிறுத்துமிடம்தான்.

சித்தப்பாவை ஒருநாள் விட்டு ஒருநாள் அழைத்துப்போன அவருடைய மகன் வேலை மாறி ஜோகூருக்குப் போயிருந்தான். அன்று எனக்கு முதல் நாள். “குறுக்குவழியில போனா சீக்கிரம் போயிரலாம் சித்தப்பா” என்றேன். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர், என்னை நம்பினார். பாதி வழியில் வெட்டிப்போட்ட மட்டைக் குவியல் ஒன்று கிடந்தது. சுற்றிப் போயிருக்கலாம். ஏறினேன். ஏறிய பெருமையோடு அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பார்வை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த மீட்டரில் இருந்தது. “சூட்டு முள்ளு மேல போவுது பாருடா” என்றார். இறங்கிக் குனிந்தால், மட்டையின் கூரிய அடிப்பாகம் ரேடியேட்டரின் கீழ்க்குழாயைக் கிழித்திருந்தது. பச்சைத் தண்ணீர் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பேசியில் சிக்னல் இல்லை.

அவர் கால்களைப் பார்த்தேன். சிறுநீரகம் வெளியேற்றாத நீரெல்லாம் அங்கே தேங்கி, செருப்பு வார் சதைக்குள் பதிந்திருந்தது. ஒரு முறை தவறினால் அந்த நீர் நெஞ்சுக்கு ஏறும். முன்பு அப்படி ஏறி, ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருக்கிறார்கள். பயம் வந்தால் எனக்கு வாய் ஓயாது. “நல்ல காத்து, நல்ல நெழலு, பாய் விரிச்சுப் படுத்துரலாம் சித்தப்பா” என்று உளறினேன். அவர் எப்போதும் மடியில் வைத்திருக்கும் துணிப்பையைத் திறந்தார். ஊசி குத்திய இடத்தில் வீடு திரும்பும் வழியில் இரத்தம் கசிந்தால் அடைப்பதற்காக அவர் சேர்த்து வைத்திருந்தவை அதில் இருந்தன: ரப்பர் கையுறைகள், பஞ்சுத் துணி, பிளாஸ்டர், கையை இறுக்கிக் கட்டும் ரப்பர்ப் பட்டை.

“எஞ்சின் ஆறட்டும். அப்புறம் கொழாய நல்லாத் தொட. ஈரத்துல பிளாஸ்டர் நிக்காது.”

நான் சேற்றில் மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தேன். அவர் பக்கத்தில் குந்தி, மூச்சு வாங்க வாங்க, கையுறைகளை நாடாக்களாக நறுக்கி நீட்டினார். இழுத்து இழுத்துச் சுற்றினேன். அதன்மேல் பட்டை, அதன்மேல் பிளாஸ்டர். “ஆப்பரேஷன் தியேட்டர் மாதிரியே இருக்கு லா” என்றேன். “நோயாளி செத்துறப் போறான், பேசாம சுத்து” என்றார். எந்த நோயாளி என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

தண்ணீர் வேண்டும். அவரிடம் ஒரு புட்டி இருந்தது. அன்று முழுவதும் அவர் குடிக்கக்கூடிய அளவைப் பேனாக்கோடு காட்டிற்று. நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு மிச்சத்தை ரேடியேட்டரில் ஊற்றினார். “குடிச்சாலும் அத மெஷின்தான் எடுக்கணும்.” பிறகு காலிப் புட்டியை என்னிடம் கொடுத்துப் பாதையோர வாய்க்காலைக் காட்டினார். கறுப்புத் தண்ணீரை நான் மொண்டு மொண்டு வந்து ஊற்றினேன். ஒரு தடவை நானே உள்ளே விழுந்தேன். மூடியை இறுக்கப் போனபோது தடுத்தார். “பாதியில விடு. அழுத்தம் ஏறினா கட்டு பிச்சுக்கும்.” எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஊசி ஏற்றி ஏற்றி நரம்பு கயிறாய்ப் புடைத்த இடக்கையை உயர்த்தினார். “இதுல நான் பாக்காத கசிவா?”

நடப்பவர்கள் முந்திப்போகும் வேகத்தில் ஊர்ந்தோம். முள் ஏறும்போதெல்லாம் நின்றோம். கட்டு சொட்டியது, ஆனால் விடவில்லை. வழி நெடுக அவர் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன். வாய் தானாகவே அடங்கியிருந்தது.

அவர் இப்போது உயிரோடு இல்லை. சுத்திகரிப்பு நிலையத்தில் அவருடைய நாற்காலியில் வேறு யாரோ சாய்ந்திருப்பார்கள். வண்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. மண்பாதை எதையும் அது மறுபடி கண்டதில்லை. குழாயை எப்போதோ மாற்றியாகிவிட்டது. மற்றவர்களைச் சிரிக்க வைத்தே பிழைத்த எனக்கு, சிரிக்க வைக்க முடியாத ஒரு மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பயணம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

அன்று நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் நாற்காலி காலியாகவே காத்திருந்தது. நர்ஸ் எங்கள் கோலத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டே ஊசியை ஏற்றினாள். குழாயில் இரத்தம் ஓடத் தொடங்கியதும் சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். சேறு சொட்ட நான் கால்மாட்டில் நின்றேன். “சித்தப்பா, நான் லாயக்கில்லாதவன். வேற யாரையாவது ஏற்பாடு பண்ணிக்கிறீங்களா? நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்” என்றேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

“நாளான்னிக்கி சீக்கிரமா வந்துரு.”