டீ-ஷர்ட்டில் விற்ற முதல் பட்டு

போன வருடம் ஆவணி மாதம் நடந்தது இது. அடையாறில் ஒரு தனி வீட்டின் மாடியில், வீடியோ காலில் புடவை விற்கும் சின்னக் கம்பெனியில் நான் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் இருந்தேன். மூன்றாவது மாடி, பட்டுப் பிரிவு. மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தே முழங்கால் தேய்ந்துவிட்டதால்தான் நாற்காலி வேலையாகத் தேடினேன். பழைய கடையில் தினமும் காலையில் எங்களை வரிசையாக நிற்கவைத்து, சவரம், நகம், சட்டைக் காலர், நெற்றி விபூதி எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் ஷட்டரைத் தூக்குவார்கள். ‘ஆள் பாதி ஆடை பாதி’ என்பது எங்கள் மேனேஜருக்கு வேதவாக்கு. அதோடு நிற்கமாட்டார். “வர்றவங்களுக்கும் அதேதான்டா. செருப்பப் பாத்துச் சேலைய எடு” என்று தன் பங்குக்கும் ஒன்று சேர்த்துக்கொள்வார். படியேறி வருகிறவரின் உடை, செருப்பு, கைப்பை மூன்றையும் ஒரே பார்வையில் அளந்து, பட்டு விரிப்பதா, ‘அதெல்லாம் கீழம்மா’ என்று மலிவுச் சேலைத் தளத்துக்கு லிஃப்டைக் காட்டுவதா என்று முடிவு செய்வதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

புது இடத்தில் அந்தக் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் செல்லுபடியாகவில்லை. எல்லோருமே கசங்கிய டீ-ஷர்ட், முக்கால் பேன்ட், ரப்பர் செருப்பு. முதலாளி இருபத்தேழு வயதுப் பெண். அவர் வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்ப்பார். நான் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையை இன் பண்ணி, ஷூ சத்தம் கேட்க உள்ளே நுழைவேன். நுழைந்ததுமே அதுவரை இருந்த சிரிப்பும் பேச்சும் நின்றுவிடும்.

ஒருநாள் பார்சல் கட்டும் பெண் கேட்டேவிட்டாள். “அண்ணா, வேலதான் கெடச்சிடுச்சே, இன்னும் ஏன் இன்டர்வியூக்கு வர்ற மாதிரியே வர்றீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. சேரும்போதே முதலாளி, “மூணு மாசம் பாக்கலாம் சார். செட் ஆச்சுன்னா கன்டினியூ பண்ணலாம்” என்று சொல்லியிருந்தார். செட் ஆகாவிட்டால்? நாற்பத்தெட்டு வயதில், தேய்ந்த முழங்காலோடு, மறுபடி எந்தப் படி ஏறுவது?

“ஊரோட ஒத்து வாழுங்க” என்றாள் என் மனைவி. பாண்டி பஜாருக்குப் போய் இரண்டு டீ-ஷர்ட் வாங்கி வந்தோம். மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு மயிலாப்பூரில் எங்கள் தெருவில் இறங்கினேன். எதிர்வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, “என்ன சார், லீவா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றார். இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் வேலை போய்விட்டதா என்றே கேட்டிருப்பார். பஸ்ஸில் கை சும்மா சும்மா நெஞ்சுப் பக்கம் போனது. பாக்கெட் இல்லை, பேனா இல்லை, சீப்பு இல்லை. வயிறு வேறு ஊருக்கே தெரிந்தது. அடையாறில் இறங்கி டீ குடிக்கும்போது, கடைக்காரரிடம் புலம்பினேன். “புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும் சார், அப்புறம் காலுக்கு அடங்கிடும்” என்றார். கடிதான் தெரிந்தது. அடங்குமென்ற நம்பிக்கை வரவில்லை.

அன்றைக்கென்று பார்த்துத்தான், நான் தனியாகப் பேச முதல் வீடியோ காலைக் கொடுத்தார்கள்.

திரையில் ஒரு அம்மா. சாயம் போன நைட்டி, தோளில் துண்டு, முடியை அள்ளிச் செருகியிருந்தார். “பொண்ணுக்குக் கண்ணாலம் நைனா. முகூர்த்தப் பட்டு காட்டு” என்றார்.

காது பட்டு என்று கேட்டது. கண் நைட்டியைப் பார்த்தது. என் கை தானாகவே விலை மலிவான கலப்புப் பட்டு அலமாரிக்குப் போய்விட்டது. மூன்று புடவைகளை விரித்துக் காட்டினேன்.

“இன்னா நைனா, பட்டு கேட்டா நைலான காட்டிக்கினு கீற? அங்க பட்டு தெரிஞ்ச பெரிய மனுஷன் யாரும் இல்லியா? நல்லா சட்ட கிட்ட போட்ட ஆளு? பனியன் போட்ட ஆளாண்ட போனக் குடுத்துட்டாங்க பாரு!”

பனியன்! இருபத்திரண்டு வருடம் பட்டு மடித்த கைக்கு அந்த ஒரு சொல் போதும். முதலாளி லேப்டாப்பிலிருந்து தலை தூக்கினார். பார்சல் ஒட்டும் டேப் சத்தம் நின்றது.

போனை வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். கொடுத்தால் நான் செட் ஆகவில்லை என்பது அந்த நிமிடமே முடிவாகிவிடும். ஸ்டாக் இவ்வளவுதான் என்று புளுகியும் இருக்கலாம். ஏனோ வாயில் வந்தது உண்மைதான்.

“தப்பு என்னோடதும்மா. உங்க நைட்டியப் பாத்துட்டுத்தான் இத எடுத்தேன். தி.நகர் கடையில இருபத்திரண்டு வருஷம் பட்டுதான் வித்தேன். நானும் நேத்து வரைக்கும் சட்ட போட்ட ஆளுதான்.”

வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

“தி.நகரா?” என்றார் அந்த அம்மா. “தை மாசம் அங்கதான் போனேன். பட்டினப்பாக்கத்துல மீன வித்துட்டு, அப்படியே போய்ட்டேன். மூச்சு வாங்க மாடி ஏறினா, அதெல்லாம் கீழம்மான்னு ஒருத்தன் லிஃப்டக் காட்டறான். மீன் வாடதான் போன்ல அடிக்காதேன்னு ஊட்ல குந்திக்கினு கேட்டா, நீயும் அதையே பண்ற.”

தை மாதம் நான் அந்தக் கடையில்தான் இருந்தேன். எந்தக் கடை என்று கேட்காமல், விரித்த கலப்புப் பட்டுகளை மடித்து ஓரமாக வைத்தேன்.

“சரி வுடு. நீயாச்சும் ஒத்துக்கின. இப்ப காட்டு.”

மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட ஒன்றை எடுத்து, முந்தானையை டீ-ஷர்ட்டுக்கு மேலேயே என் தோளில் போட்டுக் காட்டினேன். “பனியன் மேலயே இவ்ளோ அழகா கீதே, எம்பொண்ணு கட்டினா எப்படி இருக்கும்!” என்று சிரித்து, மகளையும் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டார். முக்கால் மணி நேரம் அலசி, பத்துப் பன்னிரண்டு புடவைகளைத் தள்ளிவிட்டு, கடைசியில் அந்த மஞ்சளையே எடுத்தார்கள்.

கால் முடிந்ததும் முதலாளி பக்கத்தில் வந்தார். “சூப்பர் சார். ஆனா இனிமே கஸ்டமர்கிட்ட நைட்டி கிட்டின்னெல்லாம் பேசாதீங்க, ப்ளீஸ்” என்றார். மூன்று மாதம் முடிந்ததும் வேலையை உறுதி செய்தார்கள்.

அந்த அம்மா அதற்குப் பிறகு இரண்டு முறை உறவுக்காரர்களுக்காகக் கூப்பிட்டுவிட்டார். இன்னமும் அந்தக் கடை எதுவென்று நான் கேட்கவில்லை. திரையில் அவர் முகம் வரும்போதெல்லாம், மூன்றாவது மாடியிலிருந்து நான் கீழே அனுப்பியவர்களை நினைத்துப் பார்க்கிறேன். வெளுத்த புடவைகளும் ஊக்கு குத்திய செருப்புகளும் அப்படி அப்படியே கண்ணில் நிற்கின்றன. முகம் மட்டும் ஒன்றுகூட நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது.