மாடம் இல்லாத சுவர்

டேவிட்ராஜ் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்தவர். எவன் வீட்டில் திருட்டுக் கரண்ட் ஓடுகிறது என்று முப்பது வருஷம் பார்த்துப் பழகிய கண், ஓய்வு பெற்றதும் எங்கள் தெருவின் மேல் விழுந்தது. எதிர்வீட்டுக்காரன் நான் சிரித்தால்கூட, எதற்குச் சிரிக்கிறான் என்று யோசிப்பார்.

தருமபுரியில் எங்கள் மாதா கோயில் தெரு வீடுகள் நூறு வருஷத்துக்கு முந்தியவை. சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கல் அடுக்கிய மச்சு. இரண்டு வீட்டுக்கு ஒரே நடுச்சுவர். விளக்குமாடம் எந்தப் பக்கம் இருக்கிறதோ, சுவர் அந்த வீட்டுக்குச் சொந்தம். டேவிட்ராஜுக்கும் பக்கத்து வீட்டு ராஜமேரிக்கும் நடுவில் உள்ள சுவரில் மட்டும் எந்தப் பக்கமும் மாடம் இல்லை.

போன வருஷம் ராஜமேரி, வீடு மழைக்கு ஒழுகுகிறது, இடித்துவிட்டுக் கட்டப்போகிறேன் என்றாள்.

"எங்க மாடத்த அவங்கப்பன்தான் அடச்சிருப்பான். சுவர முழுங்கப் பாக்கறாங்க" என்றார் டேவிட்ராஜ் என்னிடம்.

சுவர் போனால் அவர் வீட்டு உத்திரம் எதன்மேல் நிற்கும்? பயம் நியாயம்தான். அவளையே கேட்டிருக்கலாம். கேட்டால் உஷாராகிவிடுவாளாம்.

தினமும் சாவியால் சுவரைத் தட்டிக் காது வைத்துப் பார்த்தார். ஒருநாள் உத்திரத்துக்கு நேர்கீழே ஓரிடம் டொக்கென்றது. ராஜமேரி பாலக்கோடு தக்காளி மண்டிக்கு வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து உளியை எடுத்தார். நிஜமாகவே அவர் பக்கம் மாடம் இருந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அதோடு விட்டாரா? உள்ளே வேறு என்ன மறைத்தார்களோ என்று பின்பக்கக் கற்களையும் நெம்பினார். அவை ராஜமேரி வீட்டுக்குள் விழுந்தன. விரிசல் உத்திரம்வரை ஓடியது.

சாயங்காலம் வந்த ராஜமேரி ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தாள்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பனேங்ண்ணா. சுவரு உங்களதுதான். ஒரு கல்லத் தொடக்கூடாதுன்னு அப்பா சொல்லிட்டுத்தான் செத்தாரு. எங்களுக்குத் தனிச்சுவரு போட்டுத்தான் பிளானு வாங்கியிருக்கேன்."

பிளானை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவள் சொன்னது அப்படியே இருந்தது.

மறுநாள் ராஜமேரிக்குப் பிளான் போட்ட இன்ஜினியர் ஆட்களோடு வந்து விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். இனித் தாங்காது, சுவரை இன்றைக்கே இறக்கிவிட வேண்டும் என்றார். கடப்பாரையோடு போன ஆட்களை ராஜமேரி தடுத்தாள்.

"இருங்க. அண்ணன் சுவரு. அவரு சொன்னாத்தான் கை வெக்கணும்."

குத்திக்காட்டுகிறாளா என்று அவள் முகத்தையே பார்த்தார் டேவிட்ராஜ். அப்படி எதுவும் இல்லை. எனக்கே அழுகை வந்தது.

"இடிங்க" என்றார்.