நேராகத் தெரியும் கடல்

நாலு தையல் போட்டால் டொம்னினாவுக்குப் போதும். அரைகுறையாகத் தைத்த கப்பல் பாயை மடியிலிருந்து தள்ளிவிட்டு எழுந்து சன்னலுக்குப் போய்விடுவாள். இடுப்புவரை வெளியே நீட்டி, கழுத்தை இடப்பக்கம் திருகி, துறைமுக வாயைப் பார்ப்பாள். எகிப்திலிருந்து வரும் கப்பல் எதுவானாலும் அந்த வழியாகத்தான் நுழைந்தாக வேண்டும். திரும்பி வந்து மறுபடியும் நாலு தையல்.

கான்ஸ்டான்டிநோபிளின் தென்கரையில் கப்பல் பாய் தைக்கிற பெண்களில் அவள் கைவேலைக்குத் தனி மதிப்பு உண்டு. அவளோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்யத்தான் ஒருத்தியும் வரமாட்டாள். ரொட்டியை நின்றுகொண்டே கடிப்பாள். தேவாலயத்தில் பூசை முடியும்வரை கதவோரம் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பாள். "உட்கார்ந்தா மூச்சு முட்டுதுடி" என்பாள். பார்க்கிறவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். அவள் கணவன் ஸோதிகோஸ் எகிப்துக்குத் தானியக் கப்பலில் போனவன் என்று தெரிந்ததும் மனசு கனத்துவிடும். கூடப் போன கப்பல்களெல்லாம் திரும்பிவிட்டன. அவன் கப்பலைப் பற்றித் துறையில் விசாரித்தால் ஆளுக்கொரு கதை.

இந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து மனைக்காரன் மார்த்திரியோஸ், மெழுகுத்திரி வியாபாரி, மாடி எழுப்ப ஆரம்பித்தான். சுவர் துறைமுக வாயை மறைக்கிற பக்கமாக வளர்ந்தது. டொம்னினா ஓடிப்போய் முறையிட்டாள். நூறடிக்குள் கட்டுகிறவன் அடுத்தவருடைய கடற்காட்சியை மறைக்கக் கூடாது என்பது பேரரசர் போட்ட சட்டம். அதை மலைபோல நம்பியிருந்தாள்.

நகர அலுவலகத்திலிருந்து அஸ்தேரியோஸ் வந்தார். நல்ல மனிதர். சன்னலுக்கு நேரே முக்காலியைப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். நின்றபடியோ உட்கார்ந்தபடியோ நேராகப் பார்த்தால் தெரிகிற கடலைத்தான் சட்டம் காக்கும், உடம்பைத் திருகி எட்டிப் பார்ப்பது கணக்கில் சேராது என்றார். டொம்னினா உட்கார்ந்தாள். முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. கழுத்து தானாக இடப்பக்கம் போயிற்று. நேராக வைக்கும்படி அவர் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"கடல் தெரியுதாம்மா?"

"தெரியுதுங்க. வெறும் தண்ணி."

"அது மறையாதும்மா. அவரு சுவரு அந்தப் பக்கம் வரலை."

"வெறும் தண்ணியப் பார்த்து நான் என்னங்க பண்ண? எங்க வீட்டுக்காரரு வர்ற வழி இந்தப் பக்கம்ல இருக்கு."

பாதி உடம்பைத் தெருவில் தொங்கவிடுவதற்கெல்லாம் பார்வை என்றா பெயர் என்று வாசலில் நின்ற மார்த்திரியோஸ் குத்தலாகக் கேட்டான். அஸ்தேரியோஸ் அவனை முறைத்தார். ஆனால் கட்டலாம் என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலை கொத்தனார்கள் சாந்து குழைத்துக்கொண்டிருந்தார்கள். டொம்னினா படியிறங்கி வந்து, யாரையும் கேட்காமல் அவர்கள் ஏணியில் ஏறினாள். கீழிருந்து மார்த்திரியோஸ் ஏதோ கத்தினான். அவள் காதில் வாங்கவில்லை. அடுத்த செங்கல் வைக்க வேண்டிய இடத்தில், துறைமுக வாயைப் பார்த்தபடி, காலைத் தொங்கப்போட்டு அசையாமல் உட்கார்ந்தாள்.