நெருப்புக்கோழிக்குக் கட்டிய பட்டை

ஜப்பான்காரன் பினாங்கில் இருந்த காலத்தில் என் வீட்டுக்காரர் ஒரு நெருப்புக்கோழியைப் பார்த்துக்கொண்டார். கடலோரத்தில் ஒரு சீன முதலாளியின் பங்களா, தவுக்கே என்று கூப்பிடுவோம். குண்டு விழுந்ததும் தவுக்கே குடும்பத்தோடு எங்கோ போய்விட்டார். பறவையைக் கொண்டுபோக முடியவில்லை. பிறகு ஒரு ஜப்பான் அதிகாரி வந்து பங்களாவில் உட்கார்ந்தான். பறவைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டான். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மலாயில் சொன்னான்.

"பூரோங் மாத்தி, காமு பெர்கி சயாம்."

பறவை செத்தால் நீ சயாமுக்குப் போ. அவ்வளவுதான் பேச்சு. அப்போது ரயில் பாதை போட சயாமுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெலுத்தோங்கில் எங்கள் வரிசையில் பாதி வீடுகளில் ஆம்பளை இல்லை. போனவர்கள் யாரும் அதுவரை திரும்பவில்லை.

நான் அதே பங்களாவில் துணி துவைத்தேன். துவைத்து முடித்ததும் பறவைக்குக் கீரை நறுக்குவேன். ஆளைவிட உயரம். காலில் இரண்டே விரல், ஒன்றில் குளம்பு மாதிரி நகம். உதைத்தால் குடல் வெளியே வந்துவிடும் என்பார் வீட்டுக்காரர். எங்களை உதைத்ததில்லை. அதற்குப் பல் கிடையாது. கல்லை விழுங்கி, அந்தக் கல்லால் வயிற்றுக்குள் தீனியை அரைக்கும். நல்ல கல்லாகப் பொறுக்கி வந்து போடுவார். கால் முட்டி பின்பக்கம் மடங்குகிற மாதிரி தெரியும். அது முட்டி இல்லை, குதிகால், முட்டி மேலே இறகுக்குள் இருக்கிறது என்று எனக்குக் காட்டினார்.

என் அண்ணனுக்குத் துறைமுகத்தில் வேலை. படகில் வரும் மாடுகளை வயிற்றில் கித்தான் பட்டை கட்டித் தூக்கி இறக்குவார். ஓய்வு கிடைத்தால் எங்களைப் பார்க்க வருவார்.

"ஏன் மச்சான், இது கோழியா ஒட்டகமா? மலாய்க்காரன் ஒட்டகப் பறவைன்னுல்ல சொல்றான்."

"ரெண்டுந்தான். ஒட்டகம் மாதிரி ஓடும், கோழி மாதிரி முழிக்கும்."

"றெக்கை இருக்கே. பறக்க வேண்டியதுதானே லா?"

"இதோட பாட்டன் பூட்டன் பறந்திருக்கும். தரையிலயே தீனி கெடைச்சா எவன் பறப்பான்? காலு பெருத்துச்சு, றெக்கை சிறுத்துப்போச்சு."

"ஒன்னைய மாதிரி. இங்க தீனி கெடைக்குது, துறைமுகம் பக்கம் தலையே காட்ட மாட்டேங்கிற."

மூன்று பேரும் சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

பிறகு அரிசி வருவது நின்றுபோனது. எங்களுக்கும் மரவள்ளி, பறவைக்கும் மரவள்ளி. மனிதர்களுக்குக் கால் வீங்கியது. பறவைக்குக் கால் தள்ளாடியது. சிப்பி ஓட்டை இடித்துப் போட்டோம், கங்கோங் கீரை போட்டோம். ஒரு நாள் காலையில் உட்கார்ந்தது, எழுந்திருக்கவில்லை. வீட்டுக்காரர் அடியில் தோள் கொடுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"கெடந்துச்சுன்னா காலு செத்துரும் புள்ள. அப்புறம் எந்திரிக்காது."

அதிகாரி பட்டர்வொர்த் பக்கம் போயிருந்தான். அவன் வருவதற்குள் அது நிற்கவேண்டும். நான் துறைமுகத்துக்கு நடந்து போய் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் மாட்டுப் பட்டையையும் கப்பியையும் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"நொண்டி மாட்டையே நிக்க வெச்சிருக்கேன். இது என்ன, பெரிய கோழி. பயப்படாத லா மச்சான்."

அங்சானா மரத்துக் கிளையில் கப்பியைக் கட்டினார். பட்டையை நெஞ்சுக்கு அடியிலும் வயிற்றுக்கு அடியிலும் கொடுத்து இறுக்கினார். இரண்டு பேரும் இழுத்தார்கள். பறவை எழுந்தது. பாதம் தரையில் பட்டது.

"பாத்தியா தங்கச்சி? நிக்குது!"

வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

பறவை வாயைத் திறந்தது.

"தாகம்" என்றார் அண்ணன். தண்ணீர் கொண்டுவந்து காட்டினேன். குடிக்கவில்லை. வாய் திறந்தே இருந்தது. கால் மடங்கியது.

"தொங்குது மச்சான். இன்னும் ஒரு இழு."

இழுத்தார்கள். கழுத்து சாய்ந்தது. இறக்கிப் படுக்க வைத்தபோது உயிர் இல்லை.

அண்ணன் பட்டையை அவிழ்த்தார். சுருட்டினார். திரும்ப விரித்தார். "மாடு சாகலையே. ஒரு மாடு செத்ததில்லையே" என்றார். வீட்டுக்காரர் அவர் தோளைத் தொட்டு, வேலைக்குப் போகச் சொன்னார். இங்கே இருந்தால் அவரையும் பிடிப்பார்கள்.

சாயங்காலம் அதிகாரி வந்தான். கத்தவில்லை. கறியை எடு என்றான்.

வீட்டுக்காரர் அறுத்தார், நான் உள்ளே கைவிட்டு எடுத்தேன். கோழி எத்தனையோ அறுத்திருக்கிறேன். கோழி நெஞ்சின் நடுவில் ஓர் எலும்பு படகின் அடி மாதிரி எடுப்பாக இருக்கும். பறக்கிற சதை அதில்தான் ஒட்டியிருக்கும். இதற்கு அது இல்லை. நெஞ்செலும்பு தாம்பாளம் மாதிரி தட்டை. நுரையீரல் முதுகு விலாவில் அப்பிக்கிடந்தது. விரிந்து சுருங்குகிற மாதிரி இல்லை. அதிலிருந்து வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய பைகள், வயிறு முழுக்க, தொடை வரைக்கும். வீட்டுக்காரர் நெஞ்செலும்பைக் கையால் அமுக்கினார். பைகள் அசைந்தன. விட்டார். அசைந்தன.

அந்த எலும்பும் வயிறும் ஏறி இறங்கினால்தான் அதற்கு மூச்சு. நாங்கள் பட்டை கட்டியது அங்கேதான்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பைகளை எடுத்து மண்ணில் புதைத்தார். கறியைக் கழுவினேன்.

மறுநாள் காலையில் லாரி வந்தது. ஏறுமுன் ஒன்றுதான் சொன்னார்.

"மச்சான்கிட்ட சொல்லாத."

ஜப்பான்காரன் போன பிறகு சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். ஒருவர் எங்கள் வரிசைக்கு வந்து, உங்கள் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார், நானே மண் போட்டேன் என்றார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

அதற்குப் பிறகு அண்ணன்தான் எனக்குச் சோறு போட்டார். தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பறவையைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. இப்போது அண்ணனும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

கடைசியில் படுக்கையில் கிடந்தபோது ஒரே ஒரு தடவை கேட்டார்.

"பட்டைய நான் சரியாத்தானே கட்டுனேன்?"

"சரியாத்தான் கட்டுனீங்க அண்ணே."

"அப்ப அது ஏன் செத்துச்சு?"

"தீனி இல்லாமதான். அந்தக் காலத்துல யாருக்கு இருந்துச்சு?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா என்று தெரியவில்லை.

"மச்சான் ஏதும் சொன்னாரா, போறப்ப?"

"ஒங்கள நல்லா பாத்துக்கச் சொன்னாரு" என்றேன்.