ஜாதிமல்லியும் ஜூடித்தின் மூக்கும்

என் அலுவலகத்தின் கண்ணாடிக் கதவில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. ஒரு சென்ட் பாட்டில், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. நம்மூரில் புகை பிடிக்காதே என்று போட்டிருக்குமே, அதே வட்டம், அதே கோடு. வாசனை பூசிக்கொண்டு உள்ளே வராதீர்கள் என்று பொருள். கனடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் இந்த ஹாலிஃபாக்ஸ் நகரத்தில் ஆஸ்பத்திரியிலும் அந்தப் படம் உண்டு, நூலகத்திலும் உண்டு. வாசனை ஒத்துக்கொள்ளாமல் மூச்சுத் திணறுகிறவர்கள் இருக்கிறார்கள், தலைவலியில் சுருண்டு படுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக மற்றவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. சூலூரிலிருந்து காந்திபுரத்துக்குக் காலை பஸ்ஸில் போய்க் கல்லூரியில் படித்தவள் நான். மல்லி, மரிக்கொழுந்து, விபூதி, தேங்காயெண்ணெய், யாரோ கட்டிக்கொண்டுவரும் தக்காளிச் சோறு, முந்தின நாள் வியர்வை என்று இறங்குவதற்குள் பஸ்ஸே நம் மேல் ஏறியிருக்கும். அப்படிப்பட்டவளை எந்த மணமும் இல்லாமல் வேலைக்கு வா என்றால் எப்படி? ஆனாலும் பழகிக்கொண்டேன். மணமில்லாத சோப்பு, மணமில்லாத ஷாம்பூ, தலைக்கு எண்ணெய் வெள்ளிக்கிழமை இரவு மட்டும். நன்றாகத்தான் பழகியிருந்தேன், என் அண்ணனுக்குப் பெண் கிடைக்கும்வரை.

கொங்கு நாட்டில் இப்போது பையனைப் பெற்றவர்கள் படும் பாட்டைச் சொல்லி முடியாது. அண்ணன் சரவணன் சூலூரில் விசைத்தறி ஓட்டுகிறார். எனக்கு மூத்தவர். எனக்குக் கல்யாணமாகி, தினேஷோடு நான் இங்கே வந்து, முதல் குளிர்காலம், இரண்டாம் குளிர்காலம் என்று போய்க்கொண்டே இருந்தது, அண்ணனுக்கு ஜாதகம் மட்டும் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. "தறிக்காரருங்களா? பொண்ணு வெளிநாட்டு மாப்பிள்ளைன்னாத்தான் கட்டுவேங்குது" என்று ஒரு வீட்டில் சொன்னார்களாம். இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. பிறகு, எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எங்கள் வீட்டிலும் அதையேதான் சொன்னோம் என்பது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு டீச்சர் பெண், தறிச் சத்தம் எனக்கு ஒன்றும் தொந்தரவில்லை என்று சொன்னாள். தை மாதத்தில் முகூர்த்தம் குறித்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று அலுவலகத்துக் கழிப்பறையில் போய் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான். அடுத்த நாள் வேறு காரணத்துக்காக அழுதேன். என் வேலை அனுமதியைப் புதுப்பிக்கப் போட்டிருந்தோம். முடிவு வருவதற்கு முன் நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வந்து வேலையைத் தொடர முடியாது.

கல்யாணத்துக்குப் போக முடியாத தங்கைகள் எத்தனையோ பேர். ஆனால் எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள், கல்யாணப் பெண்ணைப் போலவே நகையும் பூவுமாக அலங்கரித்துக்கொண்டு, பேழைமூடி என்கிற மூங்கில் கூடையைச் சுமந்து மணமேடைக்கு வருவாள். கூறைச்சேலையின் ஒரு முனை அண்ணனிடம் இருக்கும், மறுமுனை அவள் கையில். புதிதாக ஒருத்தி வந்தாலும் உனக்கு இந்த வீட்டில் உள்ள இடம் போகாது என்று ஊரறியச் சொல்கிற சீர் அது. நான் அந்த வீட்டுக்கு ஒரே பெண். நான் இல்லையென்றால் என் இடத்தில் பெரியப்பா மகள் சித்ராக்கா நிற்க வேண்டும்.

அம்மா போனில் சுற்றி வளைத்துத்தான் அதைக் கேட்டார். "சித்ராவ நிக்க வெச்சுக்கலாமா கண்ணு? உன்னையக் கேக்காம நாங்க ஒண்ணும் முடிவு பண்ணல."

"அப்பறம் சொல்றனுங்கம்மா" என்று வைத்துவிட்டேன். சரி என்ற ஒரு சொல்தான். அது வாயில் வரவில்லை.

கையால் முனையைப் பிடிக்க முடியாது. அந்த நேரத்துக்குத் தலையில் சூடும் பூவாவது என்னிடம் இருக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்தது. எனக்குப் பூ என்றால் ஜாதிமல்லி. மொட்டின் முதுகில் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும், சாயங்காலத்துக்கு மேல் விரியும். கல்லூரி நாளில் அண்ணன் டவுனுக்கு நூல் எடுக்கப் போய்த் திரும்பும்போது இலையில் பொட்டலம் கட்டி ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டு வருவார். வாங்கிவந்ததைக் கொடுக்க மாட்டார், மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். இங்கே மல்லி என்று கிடைப்பது கிழங்கைப்போல் குளிர்ந்துபோன மொட்டுகள். ஆகவே பூவின் மணத்தை வீட்டிலேயே கூட்டிச் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். செயற்கை சென்ட் வேண்டாம். பூவிலிருந்தே பிரித்தெடுத்த ஜாதிமல்லிச் சாறு ஒரு சின்னக் குப்பி, கூடக் கிராம்பு எண்ணெய், சந்தன எண்ணெய், பச்சை வாசனைக்கு வயலெட் என்கிற பூச்செடியின் இலைச் சாறு. எல்லாம் தபாலில் வந்தன. ஜாதிமல்லிக் குப்பியின் மேல், விளைந்த நாடு இந்தியா என்று இருந்தது. சத்தியமங்கலத்துப் பக்கம் தோட்டத்துப் பூவை ஆலைக்கு எடுத்துப்போவதை நானே பார்த்திருக்கிறேன். பூவுக்கு விசா கிடைத்துவிட்டது, எனக்குத்தான் இல்லை.

மூடியைத் திறந்து முகர்ந்தால் பூவே இல்லை. கெட்டியாக, இனிப்பாக, அடியில் மாட்டுத் தொழுவம்போல் ஒரு வீச்சம். ஏமாந்துவிட்டோம் என்று நினைத்தேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், மல்லியின் மணத்துக்குள்ளேயே அந்த வீச்சம் உண்டு, நிறையக் கலந்து நீர்க்கவிட்டால்தான் பூ எழும் என்று. தேங்காயெண்ணெயில் ஒரு துளி விட்டேன். அதுவும் கெட்டி என்று இன்னும் எண்ணெய் சேர்த்தேன். குறைக்கக் குறைக்கப் பூ பக்கத்தில் வந்தது. ஆனால் வந்த பூ யார் வீட்டுப் பூவோ. சோப்புக்கடைப் பூ. காகிதக் கீற்றில் தொட்டு தினேஷிடம் நீட்டினால், "நல்லாத்தான் இருக்குது அம்மணி" என்பார். கிராம்பைக் கூட்டி நீட்டினாலும் அதே பதில். மனிதர் பொய் சொல்லவில்லை, அவருக்கு எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். அதனால்தான் என்னோடு குடும்பம் நடத்த முடிகிறது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டும் சத்தம். நாங்கள் குடியிருப்பது கீழ்த்தளம், மேலே வீட்டுக்காரம்மா ஜூடித். ஓய்வுபெற்ற நர்ஸ், தனியாக இருப்பவர். ஊருக்கு வந்து இறங்கியபோது பூட்ஸ்கூட இல்லாமல் நின்ற எங்களுக்குத் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தவர். திறந்தால் கண்கள் சிவந்து, மூக்கில் துணியை வைத்துக்கொண்டு நிற்கிறார். அடுப்பில் கொள்ளுப்பருப்புக்குத் தாளித்திருந்தேன். வெள்ளைக்காரர்களுக்கு நம் சமையல் வாசம் ஆகாது என்று நம்மவர்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லி அனுப்புவார்களே, அந்தப் பயம். "சாரி, சாரி, இனிமேல் தாளிக்க மாட்டேன், ஜன்னலைத் திறக்கிறேன்" என்று படபடத்தேன். ஜூடித் தலையை ஆட்டினார். "உன் சமையல் இல்லை. அது மேலே வந்தால் எனக்குப் பசிக்கும். இது பூ. பூ எனக்கு ஆகாது, மூச்சு அடைக்கிறது." வீட்டுக்குச் சூடான காற்று வரும் குழாய் வழியாக என் ஜாதிமல்லி மாடி ஏறியிருக்கிறது. இவ்வளவு நாள் பெருங்காயத்துக்கு மட்டும் ஜன்னலைத் திறந்து திறந்து வைத்திருந்த என் புத்தியை என்னவென்று சொல்ல!

அன்றே குப்பிகளை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் கட்டிக் காருக்குக் கொண்டுபோனேன். பிறகு சாயங்காலங்களில் வீட்டின் முன்னால் நிற்கும் காரில் உட்கார்ந்துதான் கலக்கினேன். எஞ்சினைப் போடாவிட்டால் விரல் விறைக்கும், போட்டால் பெட்ரோல் வாசம் வரும். குளிரில் மணமும் எழாது. கீற்றைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றி முகர்ந்தேன். ஏதோ ஒன்று குறைந்தது, எது என்று தெரியவில்லை. காரிலிருந்தே அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே விடிந்து தறி ஓட ஆரம்பித்திருந்தது.

"ஜாதிமல்லி வாங்கி, மோந்து பாத்து, என்ன வாசம் வருதுன்னு சொல்லுங்கண்ணா."

"பூவு பூவாட்டந்தான் கண்ணு இருக்கும்."

"ஒழுங்காச் சொல்லுங்கண்ணா."

கல்யாண வேலைக்கு நடுவில் போய் வாங்கி வந்துவிட்டார், பாவம். தறிச் சத்தத்துக்கு வெளியே வந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு முகர்வதை வீடியோவில் பார்த்தேன். "மொதல்ல ஈர வாழநாரு வாசம் வருது. பொறவு கசங்குன எல. பூவு அதுக்குப் பொறவுதான் வருது கண்ணு. இதையென்னத்துக்கு இப்பக் கேக்கற?"

நீங்க போய் வேலையப் பாருங்கண்ணா என்று வைத்தேன். நான் ஒரு நாளும் ஜாதிமல்லியைச் செடியில் முகர்ந்ததில்லை. எனக்குத் தெரிந்த பூ எல்லாம் நாரில் தொடுத்து, தண்ணீர் தெளித்து, இலையில் மடித்து வந்தது. எண்ணெய் தேய்த்த தலையில் ஏறியது. அந்த ஈரத்தையும் நாரையும் விட்டுவிட்டு வெறும் பூவைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். வயலெட் இலைச் சாற்றைப் பயந்து பயந்து ஒரு குச்சி முனையில் தொட்டுவைத்திருந்தேன். அதைத் துணிந்து கூட்டினேன். வெட்டின தண்டின் பச்சை வாசம் அதில் உண்டு. தேங்காயெண்ணெயையும், மணம் நீக்கியதை விட்டுவிட்டு, அம்மா கொடுத்தனுப்பிய செக்கெண்ணெயாக மாற்றினேன். கக்கத்தில் வைத்து எடுத்து முகர்ந்தால், பொட்டலத்தை அப்போதுதான் பிரித்ததுபோல் இருந்தது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டேன்.

கார்க் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். ஜூடித், கோட்டும் தொப்பியுமாக. கதவைத் திறக்காமல் கண்ணாடியை ஒரு விரற்கடை மட்டும் இறக்கினேன், மணம் அவர்மேல் பட்டுவிடக் கூடாதே என்று. அவர் குரலைத் தாழ்த்தி, "ஆர் யூ சேஃப்?" என்றார். புரியவில்லை. "நானும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தினமும் பெட்டியோடு காரில் வந்து உட்கார்ந்து அழுகிறாய். அவன் உன்னை வெளியே அனுப்புகிறானா? மேலே வா. என்னிடம் ஒரு அறை இருக்கிறது." தினேஷ் அந்த நேரம் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். சில நாட்களாகவே ஜூடித் தனக்குக் குட்மார்னிங் சொல்வதில்லை என்று அவர் புலம்பியது எனக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிப்பும் அழுகையுமாக, கண்ணாடிச் சந்து வழியாகவே எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன், தறி, கூறைச்சேலை, சித்ராக்கா. அவர் பனியில் நின்றபடி கேட்டார். "அப்படியானால் அந்தச் சேலையின் முனை உன்னுடையது" என்றார். ஆமாம் என்றேன். "கல்யாணம் என்றைக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

முனை என்னுடையதுதான் என்று ஒருவர் சொன்ன பிறகு, அன்றிரவு அம்மாவிடம் சித்ராக்காவே நிற்கட்டும் என்று சொன்னேன். அம்மா, "அருமைக்காரரு உன்னையும் ஒரு வார்த்த கேக்கோணும்னு சொல்றாரு கண்ணு" என்றார். எங்கள் கல்யாணச் சீர்களை முன்நின்று நடத்தும் பெரியவர் அவர்.

அங்கே விடிவதற்கு முன் இணைச்சீர் என்றால் இங்கே முந்தின நாள் மாலை. அன்று மதியம் ஜூடித் சின்னப் பெட்டியோடு படியிறங்கி வந்தார். ஒரு மணி நேரத் தொலைவில் ட்ரூரோ என்கிற ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறாராம். பனி பெய்துகொண்டிருந்தது, ரோடு வழுக்கும். வேண்டாம், நான் காரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். "கல்யாணத்தைக் காரில் உட்கார்ந்து பார்ப்பாயா? நாளை மதியம்தான் வருவேன். அதுவரை என் மூக்கு இந்த ஊரில் இல்லை" என்று சொல்லி வண்டியை எடுத்தார். எனக்காக ஒருவர் பரிசு வாங்கி வந்ததுண்டு, சமைத்துப் போட்டதுண்டு. நான் பூ வைத்துக்கொள்வதற்காகத் தன் வீட்டையே விட்டுப் போனவரை நான் கண்டதில்லை. நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் வண்டி திரும்பிவிட்டது.

என் கல்யாணப் பட்டுச்சேலையை உடுத்தினேன். இருந்த நகையை எல்லாம் போட்டேன். சீப்பில் தொட்டுப் பின்னலிலும், மணிக்கட்டிலும் கலவையைத் தடவினேன். சூடான அறையில் அது மெல்ல எழுந்தது. திரையில் மண்டபம், மேளம், வேட்டி கட்டிய அண்ணன், பேழைமூடியோடு சித்ராக்கா. அருமைக்காரர் போனை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தார்.

"ஏனுங்கம்மணி, உங்க எடத்துல சித்ரா நின்னு சீர் செய்யுது. சம்மதமுங்களா?"

தினேஷ் என் தோளில் கை வைத்தார். "சம்மதமுங்க" என்றேன். முதலில் வாயில் வராத சொல் இப்போது ஊரறிய வந்தது. சொன்ன பிறகு என் இடம் போய்விட்டதாகவும் தோன்றவில்லை. கேட்டுவிட்டுத்தானே எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் போனை நோக்கிக் குனிந்தார்.

"பூ வெச்சிருக்கியா கண்ணு?"

"வெச்சிருக்கறனுங்கண்ணா." என் தலையில் ஒரு பூ இல்லை. அது பொய்யும் இல்லை.

சித்ராக்கா முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழகாக நின்றாள், சொன்னால் என்ன. சீர் முடிந்து, அடுத்தடுத்த சடங்குகள் நடந்து, மணப்பெண் வந்து உட்கார்ந்தபோது, தினேஷிடம் ஜன்னல்களைத் திறக்கச் சொன்னேன். மணம் சுவரிலும் திரைச்சீலையிலும் ஊறிவிட்டால் நாளை மதியம் ஜூடித் எப்படி மூச்சு விடுவார்? "தாலி கட்டட்டுமே அம்மணி" என்றார். இப்போதே ஆரம்பித்தால்தான் போகும் என்றேன். கீழ்த்தள ஜன்னல்கள் தரையை ஒட்டி இருப்பவை, திறந்ததும் பனி உள்ளே உதிர்ந்தது. பட்டுச்சேலைக்கு மேல் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு திரைக்கு முன் நின்றேன். கெட்டிமேளம் கொட்டியது. அண்ணன் தாலி கட்டினார். வலக்கையால் திரையை நோக்கி மஞ்சள் அரிசியைப் போட்டேன், இடக்கையால் துண்டை வீசி வீசி ஜாதிமல்லியை ஜன்னல் வழியே பனிக்குள் அனுப்பிக்கொண்டிருந்தேன்.