ஹைருன் டீச்சர் பார்க்காமல் விட்ட கார்

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிபோல், முந்தல் சந்தியில் பாண் வாங்கிக்கொண்டு நின்றபோது ஹைருன் டீச்சரின் மகள் அழைத்தாள். "டீச்சர், உம்மா மௌத்தாப் போயிட்டா. ஜும்ஆத் தொழுகைக்கு முந்தி ஜனாஸாவ எடுக்கிறாங்க. கெதியா வாங்க." சுபஹுத் தொழுகைக்கு எழும்பியவருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி வரைக்கும்கூடத் தாங்கவில்லை. பாணை அங்கேயே விட்டுவிட்டுக் காரை எடுத்தேன். அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. முகம் பார்ப்பதென்றால் எத்தாளையில், அவர் வீட்டில்தான் பார்க்க வேண்டும்.

அவரோடு படிப்பித்த எல்லோருக்கும் அவருடைய போன் பைத்தியம் தெரியும். ஸ்டியரிங்குக்குக் கீழே தீப்பெட்டியளவு கருவியொன்றைச் செருகி, வாகனத்துக்குள் என்ன பிழை என்று கைத்தொலைபேசியில் வாசிப்பார். அதிபரின் கார், கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் கார், ஒன்றும் தப்பவில்லை. ஒருமுறை அவர் தம்பி, "கராஜுல காட்டிட்டன் ராத்தா" என்று சத்தியம் பண்ணினார். டீச்சர் கேட்கவில்லை. செருகிப் பார்த்துவிட்டு, பாடசாலை வாசலில் வைத்தே ஏசினார். பிறகு என்னிடம், "மனிசர் பொய் சொல்லுவாங்க டீச்சர், இது சொல்லாது" என்றார்.

போன மாதம் என் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பார்த்தார். எஞ்சினில் நெருப்புப் பொறி கொடுக்கும் கொயில்களில் ஒன்று பழுதாகிக்கொண்டிருக்கிறதாம். "அந்த லைட்டை அழிச்சு விடுங்கோவன்" என்றேன்.

"லைட்ட அழிக்கலாம், வருத்தத்த அழிக்கேலாது. கராஜுக்குப் போங்க."

கருவியை என் காரிலேயே விட்டுவிட்டும் போனார், கார் திருத்தும் பாஸுக்குக் காட்டச் சொல்லி. நான் போகவில்லை. ஆண்கள் நிற்கும் கராஜில் பிளாஸ்டிக் கதிரை போட்டுக் காத்திருக்க எரிச்சல், வேறென்ன! அவர் பாவிக்கும் செயலியை என் போனிலும் இறக்கி, விளக்கை நானே அழித்தேன். அடி கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். அது திரும்ப எரிந்தது. திரும்பவும் அழித்தேன்.

சென்ற கிழமை என் காரில் ஏறியதும் கேட்டார், "காட்டினீங்களா?"

"ஓம். புதுசு போட்டாச்சு."

போனை எடுத்தார். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு அதைக் கைப்பைக்குள் வைத்தார். "நீங்க சொன்னாச் சரி. ஒங்கடய ஏன் போனுல பாக்கோணும்? அல்ஹம்துலில்லாஹ்."

வெள்ளிக்கிழமை, பாலாவியில் திரும்பிக் கற்பிட்டி வீதியில் போகும்போது கார் குலுங்கத் தொடங்கியது. மிதித்தேன், கெஞ்சினேன். உப்பளத்துப் பக்கம் ஓரமாய் நின்றேவிட்டது. விளக்கை அழித்துப் பார்த்தேன், சனியன், அந்த நேரத்திலும் அழித்துத்தான் பார்த்தேன். ஜும்ஆவுக்காகக் கடைகள் பூட்டியிருந்தன; ஓட்டோக்காரர்கள் பள்ளிவாசலில். வெகுநேரம் கழித்து ஒரு மீன் லொறி ஏற்றிக்கொண்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவை எடுத்திருந்தார்கள். கட்டில் வெறுமையாக இருந்தது. சாம்பிராணி வாசம் மட்டும் இருந்தது. மகள் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். "ஒங்களுக்காகக் கொஞ்சம் சொணங்கினம் டீச்சர். தொழுகைக்கு நேரமாச்செண்டு வாப்பா எடுக்கச் சொல்லிட்டார். என்ன நடந்த?"

"கார் நிண்டிட்டுது, பிள்ளை."

"கராஜுல காட்டினதுதானே? உம்மா சந்தோசமாச் சொன்னா."

"ஓம்," என்றேன். "காட்டினதுதான்."

அவர் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று இரண்டாம் முறையும் அதே பொய்யைச் சொன்னேன். நாக்கு அழுகாதா?

அவரை அறிந்தவர்கள் இதை வாசிப்பீர்கள், மகளும் வாசிப்பாள். பிள்ளை, நான் கராஜுக்குப் போகவில்லை. எனக்காக நீங்கள் சுணங்கிக் காத்திருந்த நேரத்தில் நான் வராமல் போனது அதனால்தான்.

அவருடைய கருவி இன்னும் என் காரில் செருகியபடியே இருக்கிறது. கழற்றிக்கொண்டு வந்து உன் கையில் தருவேன். நான் வைத்துக்கொள்ளப்போவது வேறொன்று: தம்பியைக்கூட நம்பாத அந்த மனுசி, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனைக் கைப்பைக்குள் வைத்தாரே, அது.